மேட்டுக்காடு எந்த வரைபடத்திலும் இல்லை

பாட்டி கேட்டது ஒரே கேள்விதான். "எங்கம்மாவப் பொதச்ச எடம் எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சுத் தர முடியுமா தம்பி?"

அவருக்கு எண்பது வயதுக்கு மேல். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் கடைசி டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் மூடப்படும் வரை ஆண்டுக்கொரு முறை அப்பாவோடு போய் விளக்கேற்றி வந்திருக்கிறார். 1970களில் டிவிஷன் காலியானது. பால்மரமான ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. இப்போது அந்தச் செம்பனைக்கும் வயதாகி மறுநடவு தொடங்கப் போகிறது. மண்வாரி இயந்திரங்கள் வந்துவிட்டால் அப்புறம் தேடிப் பயனில்லை என்று பேரன் பதறிப்போய் எங்களிடம் அழைத்து வந்தார். தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடுகாடு எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

எங்களிடம் என்றால், கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அறை. நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நானும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து, தோட்டங்களில் மிஞ்சிய தாள்களை அங்கே சேர்த்து ஸ்கேன் செய்து வருகிறோம். இந்தத் தேடல் ஏறக்குறைய ஏழு மாதம் நடந்தது. தங்கள் தோட்டத்தைத் தேடும் வேறு யாருக்காவது உதவும் என்பதால், தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கையில் இருந்த ஒரே வரைபடம்

கிராணி என்ற தோட்டக் கணக்கராக இருந்த ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து வந்தது அது. துணி ஒட்டிய தாள், குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். தீம்பார் என்று சொல்லும் மர நடவுப் பகுதி ஒவ்வொன்றுக்கும் எண், ஏக்கர் கணக்கு, மரம் நட்ட ஆண்டு எல்லாம் இருந்தன. சாலை, ஆறு, பால் ஸ்டோர், துரை பங்களா ஆகியவை இருந்தன. லயங்கள் சின்னச் சின்னக் கோடுகளாக இருந்தன. இடுகாடு இல்லை.

தோட்ட வரைபடம் எதற்காக வரையப்பட்டது என்று தெரிந்தால் இதில் வியப்பு இராது. எத்தனை ஏக்கரில் எந்த ஆண்டு நட்ட மரம் நிற்கிறது, அதிலிருந்து எவ்வளவு பால் வரும் என்று கணக்குப் பார்க்கத்தான் அதை வரைந்தார்கள். பால் தராத நிலத்துக்கு அதில் எண் கிடையாது. ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டும் காலம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டு. செம்பனைக்கும் அப்படித்தான். மறுநடவு வரும்போது தீம்பார்களின் எல்லை மாறும், எண் மாறும், பழைய வரைபடம் குப்பைக்குப் போகும். ஒரு தலைமுறை மரம் சாயும்போது ஒரு தலைமுறை வரைபடமும் சாய்கிறது. எங்கள் கையில் இருந்த தாளுக்கும் இன்றைய நிலத்துக்கும் நடுவில் அப்படிக் குறைந்தது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளை ஸ்கேன் செய்ததில்தான் முதல் தவறு. எங்கள் ஸ்கேனர் சிறியது என்பதால் வெளியே ஒரு கடையில் கொடுத்தோம். உருளை வழியே இழுக்கும் பெரிய இயந்திரம் அது. ஓரம் நைந்த தாளைப் பிடித்து இழுத்ததில் வலப்பக்க விளிம்பு கிழிந்தது. வடதிசைக் குறியும் அளவுகோலும் இருந்த விளிம்பு அதுதான். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினோம், ஆனால் அளவுகோலில் ஒரு பகுதி போய்விட்டது. துணி ஒட்டிய பழைய தாளை உருளை ஸ்கேனரில் ஒருபோதும் விடாதீர்கள். தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, பகுதி பகுதியாகப் படம் எடுத்து இணைப்பதே நல்லது. எடுக்கும் முன் கைப்பேசியிலாவது முழுத் தாளையும் ஒரு படம் பிடித்து வையுங்கள். நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

அளவுகோல் போனாலும் ஏக்கர் கணக்கு காப்பாற்றியது. பழைய அளவையில் ஒரு சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தீம்பாரின் ஏக்கர் எழுதியிருக்கிறது, அதன் வடிவம் தாளில் இருக்கிறது. அதிலிருந்து அளவைப் பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. இந்த வேலையில் நான் உண்மையாகவே மகிழ்ந்த சில மணி நேரங்கள் அவை.

வெளியே எங்கெல்லாம் இந்த நிலம் கிடக்கிறது

தோட்டத்தின் தாள்கள் தோட்டத்தில் இல்லை என்றால் எங்கே இருக்கும்? நிறுவனத்தின் தலைமையகம் இருந்த ஊரில். மலாயாவின் பல தோட்டக் கம்பெனிகளை நடத்திய ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள், முன்பு லண்டன் பெருநகரக் காப்பகம் என்று அழைக்கப்பட்ட லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1844இல் தேயிலை வாணிகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சொசைட்டியின் தொகுப்பு 1993இலிருந்து இருக்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் உண்டு. மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஆங்கிலேயர்கள் கொடுத்த ஆல்பங்களும் தாள்களும் அதில் சேர்த்தி. கோலாலம்பூரில் 1957இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. நில விண்ணப்பங்கள், சாலை, ஆற்றுப் பாலம், கூலி லயங்களின் சுகாதாரம் என்று பலவும் அந்தக் கோப்புகளில் வரும்.

இவற்றின் பட்டியல்களில் நாங்கள் தேடியதும் முதலில் கிடைத்தது ஒன்றுமில்லை. காரணம் எளிது. எங்கள் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் தேடினார்கள். பழைய பட்டியல் எதிலும் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று தேடியபோது கொஞ்சம் வந்தது. கோல சிலாங்கூர் மாவட்டம் என்று தேடியபோது நிறைய வந்தது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடியபோதுதான் நமக்கு வேண்டியது வரத் தொடங்கியது. ஆனால் எங்கள் பெரியவர்கள் அந்தத் தோட்டத்தை ஆங்கிலப் பெயரால் அழைத்ததே இல்லை. அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயர் எந்தக் காப்பகப் பட்டியலிலும் இல்லை.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. மலாயாவில் முதன்முதலாக வாணிக அளவில் செம்பனை நட்ட இடம் தென்னமரம் தோட்டம். 1917இல், ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. உலகத்தில் செம்பனை வரலாறு எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பெயரை எழுதுகிறார்கள். வாய்விட்டுப் படித்தால் நம் வீட்டுச் சொல். அங்கே தமிழ்ப் பெயர் ஆவணத்துக்குள் போனது, அதனால் தேடினால் கிடைக்கிறது. பாட்டியின் தோட்டத்துக்கு அது நடக்கவில்லை.

ஏன் இத்தனை தாள்கள் சிதறின என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றி பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் தலைமையில் பெரிய ஆய்வே நடந்தது. வேலையும் லயமும் ஒரே நாளில் போன குடும்பங்களுக்காகத்தான் மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். தொழிலாளர்களின் சேமிப்பிலேயே தோட்டம் வாங்கும் ஏற்பாடு அது. நிலம் கைமாறும்போது பத்திரம் மட்டும்தான் கூடப் போகும். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடு, வரைபடம், பிறப்பு இறப்புக் குறிப்பு எல்லாம் பழைய ஆபீஸ் அலமாரியிலேயே கிடந்து கரையானுக்குப் போயின. நான் பார்த்த அலமாரிகளே போதும், இதைச் சொல்ல.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில்தான் தமிழ்ப் பெயரோடு முதல் துப்பு கிடைத்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் இருக்கின்றன. திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று தோட்டத்துச் செய்திகள் அதில் வந்துகொண்டே இருக்கும். ஆனால் சொல் போட்டுத் தேடினால் எல்லாம் அகப்படாது. பழைய அச்சில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை போட்ட எழுத்து. ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவம். 1978இல் தமிழ்நாடு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகே இன்றைய வடிவம் பரவியது. எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் அங்கே தடுமாறும். அதனால் ஆண்டு குறித்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்தோம். ஆசிரியர் ஒருவர் இதற்காக இரண்டு பள்ளி விடுமுறைகளைச் செலவிட்டார். பாட்டி சொன்ன அதே தமிழ்ப் பெயரோடு, டிவிஷன் கோயில் திருவிழாச் செய்தி ஒன்று அகப்பட்டது. 1924இலிருந்து கோலாலம்பூரில் வந்து 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் இதழ்களையும் இப்படி வீட்டிலிருந்தே புரட்ட முடிந்தால், எத்தனை தோட்டங்களின் பெயர் வெளியே வரும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வானத்திலிருந்து எடுத்த படம்

பெரிய நிலப்பரப்பைத் தேடுகிறவர்கள் மறக்கக் கூடாத ஒரு காப்பகம் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தினுடையது. கொரோனா என்ற உளவுத் துணைக்கோள் திட்டம் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள், இரகசியம் நீக்கப்பட்டு, 1995இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 8,60,000க்கும் மேற்பட்ட படங்கள். யாராவது ஏற்கெனவே ஸ்கேன் செய்யச் சொன்ன படம் என்றால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு படத்துக்கு 30 அமெரிக்க டாலர். நாம் கட்டினால் அப்புறம் உலகத்துக்கே இலவசம். பாட்டியின் பேரன் ஒரு படத்துக்குக் கட்டினார்.

1972இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் படங்களும் 2008இலிருந்து இலவசம்தான், ஆனால் இந்த வேலைக்கு அவை உதவா. பிற்கால லேண்ட்சாட்டிலேயே ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஓர் இடுகாடே இரண்டு மூன்று புள்ளியில் அடங்கிவிடும். கொரோனாவின் பிற்காலக் கேமராக்கள் இரண்டு மூன்று மீட்டர் அகலப் பொருளையும் காட்டும். லயம் ஒரு வெளிறிய கோடாகத் தெரியும். தோட்டச் சாலை நூல் பிடித்ததுபோல் தெரியும்.

நம் ஊர் வானத்தில் மேகம் அதிகம். எங்கள் பகுதி விழுந்த பல படங்களில் பஞ்சுப் பொதிதான் இருந்தது. நாங்கள் வாங்கிய படத்திலும் பாதி மேகம். நல்லவேளையாக டிவிஷன் மறு பாதியில் இருந்தது.

இப்போது பழைய வரைபடத்தை இந்தப் படத்தின் மேலும் இன்றைய வரைபடத்தின் மேலும் பொருத்த வேண்டும். இரண்டிலும் மாறாமல் இருக்கும் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்றை உட்கார வைப்பதுதான் முறை. நான் தேர்ந்தெடுத்தவை ஆற்றின் ஒரு வளைவு, சாலைச் சந்தி, கோயில், ஸ்டோரின் சிமென்டு அடித்தளம் என நான்கு.

இரண்டு மாதம் எதுவும் ஒட்டவில்லை. ஓரிடம் பொருந்தினால் இன்னோரிடம் விலகியது. முதலில் அளவை முறையின் மேல் பழி போட்டேன், அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. பகாங்கில் உள்ள கெர்தாவ் நிலையத்தை அடிப்படையாக வைத்த 1948 அளவையில் வரைந்த தாளை, இன்றைய கைப்பேசி காட்டும் இடத்தோடு அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். அரசாங்க வரைபடத்தை அப்படித்தான் வைத்திருந்தேன். அதைத் திருத்தினேன். ஆற்று வளைவையும் விட்டுவிட்டேன். வெள்ளீயம் தோண்டிய கப்பல்கள் எங்கள் ஊரைச் சுற்றிப் புரட்டிப்போட்ட நிலத்தை இன்றும் குட்டைகளாகப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் நீர் போகும் வழியை நம்பக் கூடாது என்பது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். இரண்டையும் சரிசெய்த பிறகும் டிவிஷன் பக்கம் மட்டும் கோணலாகவே நின்றது.

ஒரு நாள் பாட்டி வந்திருந்தார். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோயில எதுக்குய்யா அங்க வச்சிருக்க?"

"அங்கதானேம்மா இருக்கு. நேத்துகூடப் போய்ப் பார்த்தேன்."

"இப்ப இருக்கு. ரோடு அகலப்படுத்தறப்ப ஆத்தாவத் தூக்கியாந்து இங்க வச்சாங்க. அப்ப அது ஆயாக்கொட்டகைக்குப் பின்னால, முடக்குல இருந்துச்சி."

அவ்வளவுதான் விஷயம். கோயில் அசையாது என்று நினைத்தது நான். கோபுரம் புதிது என்று தெரியும், இடமும் புதிது என்று யாரையும் கேட்கவில்லை. அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, பழைய சாலையின் இன்னொரு சந்தியைச் சேர்த்ததும் தீம்பார்களின் எல்லை கொரோனா படத்துச் சாலைகளின் மேல் வரி வரியாக உட்கார்ந்தது. இத்தனை ஆண்டு வரைபட வேலை பார்த்தவன் நான். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருந்தேன்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். வரைபடத்தைச் சரிசெய்துவிட்டு நினைவைக் கேட்பது என்பதை விட்டுவிட்டு, நினைவை முதலில் வாங்கினோம். பாட்டியையும், அதே டிவிஷனில் இருந்த இன்னும் மூன்று பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டோம். இடம் எங்கே என்று கேட்கவில்லை. வழி எப்படி என்று கேட்டோம். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, எந்தப் பக்கம் நடப்பீர்கள்? பால் வாளியோடு ஸ்டோருக்குப் போகும்போது மேடா, பள்ளமா? பிணம் தூக்கிப் போகும்போது எங்கே இறக்கி வைத்தார்கள்? லயத்து வாசலில் நின்றால் சூரியன் எந்தப் பக்கம் மறையும்? இதற்கு அவர்கள் யோசிக்கவே இல்லை. கால் அறிந்த பதில்கள் அவை. நான்கு பேரும் சொன்னதில் மூன்று விஷயங்கள் ஒத்துப்போயின: லயத்திலிருந்து மேற்கே, ஒரு சிற்றோடையைத் தாண்டி, ஏற்றத்தில்.

கொரோனா படத்தில் அந்தத் திசையில் தேடினோம். நட்ட மரங்கள் நிரையாக நிற்கும், முற்றிய ரப்பரின் மேல்தளம் ஒரே சீராகக் கறுத்துத் தெரியும். ஒரு மேட்டின் மேல் மட்டும் அந்தச் சீர் கலைந்து, ஒழுங்கற்ற ஒரு மரக்கூட்டம் இருந்தது. நடப்படாத நிலம். வரைபடத்தில் அது ஒரு தீம்பாரின் நடுவில் வருகிறது. அந்தத் தீம்பாரின் ஏக்கர் கணக்கு, நான் அளந்த பரப்பைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது ஏன் என்று முன்பு குழம்பியிருந்தேன். கிராணி அந்த இடத்தைக் கழித்துவிட்டு எழுதியிருக்கிறார். இடுகாடு வரைபடத்தில் கழிக்கப்பட்ட எண்ணாக இருந்திருக்கிறது.

நேரில்

நிர்வாகத்திடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். புதிதாக வந்த மேலாளர் பொறுமையாகப் பார்த்தார், உள்ளே போக அனுமதி கொடுத்தார். செம்பனை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்படுவது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசைதான் தெரியும், உள்ளே போனால் திசை கெட்டுவிடும். கைப்பேசியில் இருந்த புள்ளியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஓடை இன்று ஒரு சின்ன வாய்க்கால். ஏற்றம் இருந்தது. மேட்டின் மேலும் செம்பனையே நின்றது. ஆனால் வரிசைகளுக்கு நடுவே மட்டையைக் குவிக்கும் இடத்தில், புல்லுக்கடியில் சிமென்டு விளிம்பு ஒன்று காலில் தட்டியது. பேரன் அரிவாளால் ஒதுக்கினார். சாய்ந்த கல் இரண்டு தெரிந்தன. ஒன்றில் எழுத்து முழுக்க அரித்திருந்தது. இன்னொன்றில் தமிழில் "தோற்றம்" என்ற சொல் மட்டும் மிச்சம்.

இரண்டும் பாட்டியின் தாயாருடையவை அல்ல. அவருக்குக் கல் வைக்க அன்று வசதியில்லை, வெறும் மண்மேடுதான். பாட்டியை மறுவாரம் டிராக்டரில் உட்கார வைத்து அழைத்துப் போனோம். இறங்கினார், லயம் இருந்த பக்கம் திரும்பி நின்றார், வலக்கைப் பக்கம் சில அடி நடந்து நின்றுகொண்டார். "இந்த ஏத்தத்துலதான்" என்றார். கற்பூரம் ஏற்றினார். சரியான மேடு அதுதானா என்பதை எந்தப் படமும் உறுதி செய்யாது. எங்களில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அந்த மேட்டை மறுநடவிலிருந்து விலக்கி, சுற்றிலும் கம்பு நட்டு நாடா கட்டியிருக்கிறார்கள். எழுத்து மூலமான உறுதி இன்னும் வரவில்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பதிவில் என்ன எழுதுவது

எங்கள் தொகுப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் முன்பு ஒரு பெயர்தான் இருந்தது, வரைபடத்தில் உள்ள பெயர். இந்தத் தேடலுக்குப் பிறகு அதை உடைத்துவிட்டோம். இப்போது முதல் கட்டத்தில் மக்கள் சொன்ன பெயர், தமிழில், அவர்கள் உச்சரித்தபடி. அடுத்து வரைபடத்து எண், செய்தித்தாளில் வந்த பெயர், அரசாங்கத்தின் பழைய பெயர், இன்றைய பெயர். இடப்புள்ளியோடு அது எத்தனை மீட்டர் வரை பிசகலாம் என்பதையும் எழுதுகிறோம். சொன்னவர் யார் என்பதை அறைக்குள் இருக்கும் ஏட்டில் மட்டும், அவர் சம்மதத்தோடு. இடுகாடுகளின் துல்லியப் புள்ளியை இணையத்தில் போடுவதில்லை. கல்லுக்கும் செம்புக்கும் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய நூலகங்கள் தங்கள் பட்டியலில் வாசகர் குறிப்பு சேர்க்க வழி வைத்திருந்தால் அங்கேயும் எழுதி அனுப்புகிறோம். லண்டனில் இருக்கும் ஒரு தோட்டக் கோப்பின் பக்கத்தில் அதன் தமிழ்ப் பெயர் ஏறினால், இங்கே ஒரு பேத்தி தன் பாட்டி சொன்ன பெயரைத் தட்டச்சு செய்தே அதைக் கண்டுபிடிக்க முடியும். தாளைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பெயரைக் காப்பாற்ற எங்கள் அறைக்கு வரும் இந்த நான்கைந்து பேரைத் தவிர வேறு யாரும் இல்லை, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. அதனால் இப்போது ஸ்கேன் செய்வதைக் குறைத்துக்கொண்டு கேட்பதைக் கூட்டியிருக்கிறோம்.

பாட்டியின் இடத்துக்கு முதலில் "இடுகாடு" என்று பதிந்து, சரிதானா என்று படித்துக் காட்டினேன்.

"நாங்க அப்படிச் சொல்லமாட்டோம்பா. மேட்டுக்காடும்போம்."

மாற்றி எழுதினேன். பத்து நாள் கழித்து, அதே லயத்தில் இருந்த இன்னொரு அம்மாவைக் கூட்டிவந்தார். அவர் அது மேட்டுக்காடு இல்லை, பூச்சிக்காடு என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் நெடுநேரம் வாதாடினார்கள். முதல் கட்டத்தில் இப்போது இரண்டு பெயர்களும் இருக்கின்றன.